ஏழாம் எண் கண்ணாடி

மலைமேல் வேலை பார்ப்பதில் ஒரு நல்லது உண்டு அக்கா. யாரும் மதியச் சாப்பாட்டைக் கீழே மறந்துவிட்டு வருவதில்லை. கோட்டை வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு படி. ஒரு தடவை மறந்தவன் மறு தடவை மறக்க மாட்டான். அத்தான் இங்கே வந்த முதல் வாரமே மறந்தாராம். இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு, மறுபடி ஏறி வந்து உட்கார்ந்து திறந்து பார்த்தால் முந்தின நாள் கழுவாத டப்பா. "படி ஏறுனதுல பசியும் கீழயே நின்னுருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி இங்கே இன்னும் சிரிக்கிறார்கள்.

அத்தான் சாவு விஷயமாக இங்கிருந்து வந்த அந்தப் படிவத்தை நீ மூன்று தடவை கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டாய். போன வாரம் போனில் நீ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "அவரு கொழம்புல உப்புப் போடறதுக்கு முன்னாடி மூணு தடவ ருசி பாக்கற மனுஷன்டா. அவரா கவனம் இல்லாம செத்தாரு?" என்றாய். நீ கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. அதனால் இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கோட்டைக்கு எண்ணூறு வயது. மூன்று முறை முற்றுகை போட்டிருக்கிறார்கள். எந்தப் படையாலும் இந்தச் சுவரைத் தள்ள முடியவில்லை என்று இங்கே வழிகாட்டியாக இருப்பவர் தினமும் நான்கு தடவை சொல்வார். ராஜாக்களை ஏதோ சொந்தத் தாத்தா மாதிரி பேசுவதால் அவருக்கு இளவரசர் என்று பெயர் வைத்திருந்தோம். "உங்க தாத்தா இன்னும் ரெண்டு கூடை சுண்ணாம்பு போட்டிருந்தா நாங்க எங்க ஊர்லயே இருந்திருப்போம் இளவரசே" என்பார் அத்தான்.

வெளியே பார்த்தால் கல் சுவர். ஆனால் அது முழுக்கக் கல் இல்லை. வெளிப்பக்கம் ஒரு வரிசை செதுக்கிய கல், உள்பக்கம் ஒரு வரிசை. நடுவில் ஆறடிக்கு மண்ணும் உடைகல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். தலையணைக்குள் பஞ்சு மாதிரி. மழை பெய்தால் மேலே இருந்து தண்ணீர் உள்ளே இறங்கும். கட்டினவர்களுக்கு அது தெரியும். அதனால் அடியில் வரிசையாக, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார்கள். உள்ளே போன தண்ணீர் அது வழியாக வெளியே வந்துவிடும். அறுபது வருடத்துக்கு முன்னால் கோட்டையைப் பாதுகாக்கிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. ஓட்டைக்குள் பாம்பு போகிறது, எலி போகிறது என்று எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனது. அவர்கள் பெயர்களெல்லாம் வாசலில் பித்தளைத் தகட்டில் இருக்கின்றன. நல்ல எண்ணத்தில்தான் அடைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

என் வேலை விரிசல் பார்ப்பது. சுவரில் ஒரு விரிசல் இருந்தால், அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் அப்பி ஒட்டுவோம். பிளாஸ்டர் காய்வதற்குள் ஆணியால் அன்றைய தேதியைக் கீறி வைப்போம். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் உடைந்துவிடும். கிழக்குச் சுவரில் அப்படிப் பதினெட்டு. தினமும் காலையில் பதினெட்டையும் பார்த்து, பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக 'மாற்றம் இல்லை' என்று எழுத வேண்டும். உடைந்திருந்தால் உடனே இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு யாரும் கிட்டே போகக் கூடாது. கிழக்குச் சுவர் முப்பது அடி. முதல் நாள் இன்ஜினியர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இங்க யாரு என்ன சொன்னாலும் நம்பாத தம்பி. கண்ணாடி சொல்றத மட்டும் நம்பு."

அத்தான் இங்கே கொத்தனார். ஆனால் யாரும் அவரைக் கொத்தனார் என்று கூப்பிட மாட்டார்கள். டாக்டர் என்பார்கள். சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, எங்கே உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். விரிசல் பார்க்கிற வேலைக்கு என்னைக் கூட்டி வந்தவரும் அவர்தான். சலவைக் கடைக்கு மேலே அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். அவர் குறட்டை உனக்குத் தெரியும். நான் அவருக்கு முன்னால் தூங்கிவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்த நாட்டிலேயே தங்குவதற்கான நிரந்தர அட்டைக்கு ஐந்து வருடம் விடாமல் வேலை பார்க்க வேண்டும். நடுவில் பதினான்கு நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தால், பார்த்த வருடமெல்லாம் போச்சு. முதலில் இருந்து எண்ண வேண்டும். அத்தானுக்கு அட்டை வந்துவிட்டது. உனக்கும் பாப்பாவுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார். எனக்கு இன்னும் பதினோரு வாரம் பாக்கி. நான் இதற்கு முன்னால் இருந்த பாலம் வேலை நின்றபோது, கூட இருந்த இரண்டு பேரைப் பதினைந்தாம் நாள் பெட்டியோடு பார்த்தேன். ஒருவனுக்கு நான்கு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது.

நான்கு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழாம் எண் கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. விரலால் தொட்டேன். அப்போதுதான் தெரிந்தது, உடைந்திருக்கிறது.

சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வேலையை நிறுத்துவார்கள். தலைநகரத்திலிருந்து ஆள் வர வேண்டும், பார்க்க வேண்டும், அவர்களுக்குள் சண்டை போட வேண்டும். ஆறு மாதம் ஆகும். எண்ணூறு வருடம் நின்ற சுவர் இன்னும் பதினோரு வாரம் நிற்காதா? நீயே சொல். எந்த மனிதனும் அப்படித்தான் யோசிப்பான்.

மாற்றுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. கண்ணாடி பெட்டியிலேயே இருந்தது. புது பிளாஸ்டர் வெள்ளையாகத் தெரியும் என்பதால் பிளாஸ்கில் மிச்சம் இருந்த டீயைத் தொட்டுத் தடவி, சுவர்ப் புழுதியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். பழைய தேதியையே ஆணியால் கீறினேன். பழையதும் நான் கீறியதுதான், புதியதும் நான் கீறியதுதான். அதில் போலி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து மறுபடி உடைந்தது. அப்புறம் ஐந்து நாள். அப்புறம் இரண்டு நாள். எனக்குக் கை பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அத்தான் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இவளுக்கு மாசம் ஆயிருக்குடா."

"யாருக்கு அத்தான்?"

"செவுத்துக்குத்தான். பக்கவாட்டுல நின்னு பாரு. வயிறு தெரியல?"

பார்த்தேன். தெரிந்தது. நடுவில் ஒரு சாண் அளவுக்கு முன்னால் தள்ளியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"கண்ணாடி என்ன சொல்லுது?"

"எல்லாம் முழுசா இருக்கு."

அவர் கையை எடுத்துவிட்டார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் வயசாயிருச்சு" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது, "கண்ணு நல்லா இருக்காம்டா. அப்ப கோளாறு இன்னும் மேல இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் என்னை நம்பினார் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அவர் நம்பியது கண்ணாடியை.

தினமும் மாற்றுவது சரிப்படாது என்று எனக்குத் தோன்றியது. யாராவது பார்த்துவிட்டால் வீண் பேச்சு. மெழுகுவத்தியை உருக்கி, அதில் பிளாஸ்டர் தூளைக் கலந்தால் பார்வைக்குப் பிளாஸ்டர் மாதிரியே இருக்கும். ஏழாம் எண்ணில் ஒரு முனைக்கு மட்டும் அதை வைத்தேன். சுவர் நகர நகர, கண்ணாடி அந்த முனையில் வழுக்கிக்கொண்டு நகரும். அதற்கப்புறம் அது உடையவே இல்லை. அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். அத்தான் குறட்டை கூடக் கேட்கவில்லை.

ஒன்பது வாரம் போனது. இரண்டு வாரம் பாக்கி. அத்தானுக்கு மனசு ஆறவில்லை. கண்ணாடி எதுவும் சொல்லாவிட்டாலும் அடைத்த ஓட்டைகளில் இரண்டையாவது திறந்து தண்ணீரை வெளியே விட்டால் சுவருக்கு நல்லது என்று இன்ஜினியரிடம் போய் நின்றார். இன்ஜினியர் என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக 'மாற்றம் இல்லை.' "ரெண்டு மாசமா அசைவே இல்லையே. சரி டாக்டர், ரெண்டே ரெண்டு. காலைல கண்ணாடி முழுசா இருந்தா மட்டும்" என்றார். உடைந்திருந்தால் முதலில் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அத்தானுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை. பத்து மணி இருக்கும். நல்ல வெயில். மற்றவர்கள் கீழே சுண்ணாம்பு மூட்டை ஏற்றப் போயிருந்தார்கள். அத்தான் உளியும் சுத்தியலுமாக வந்தார். உப்புப் போடுவதற்கு முன்னால் மூன்று தடவை ருசி பார்க்கிற மனுஷன் என்று நீ சொன்னது சரிதான். அன்றைக்கும் மூன்று தடவை கேட்டார். அறையிலிருந்து கிளம்பும்போது ஒரு தடவை. படியேறும்போது ஒரு தடவை. சுவருக்குக் கீழே குனிவதற்கு முன்னால் ஒரு தடவை.

"மாப்ளே, ஏழு எப்படிடா இருக்கு?"

"முழுசா இருக்கு அத்தான்."

அது உண்மை. முழுசாகத்தான் இருந்தது. நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை, அவரிடமும் பொய் சொல்லவில்லை.

அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். சொல்லியிருந்தால் அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார். திட்டியிருப்பார். ஒரு வேளை ஒரு அறை விட்டிருப்பார். எப்படியாவது என் பெயர் வராமல் சமாளித்து, முட்டுக் கொடுக்க வைத்திருப்பார். அன்று சாயங்காலம் அறையில் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பற்றிப் பேசியிருப்போம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது.

முதல் ஓட்டையைத் திறந்ததும் தண்ணீர் பழுப்பாகப் பீய்ச்சி அடித்தது. அவர் முழங்கால் வரை நனைந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. "பாத்தியாடா, பன்னீர்க்குடம் ஒடஞ்சிருச்சு" என்றார். அப்படியென்றால் அவர் கண்ணும் கையும் சரியாகத்தான் இருந்தன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது ஓட்டையில் உளியை வைத்தார். அதையும் திறந்தார். எழுந்து ஒரு அடி பின்னால் வைத்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையின் தையல் பிரிந்தால் வருமே, அந்த மாதிரிதான் வந்தது. முதலில் மண். அப்புறம் கல்.

நான் முப்பத்தைந்து அடி தள்ளி நின்றிருந்தேன். விசாரணையில் எல்லாரும் அதை என் நல்ல நேரம் என்றார்கள். நேரம் எல்லாம் இல்லை. அந்த ஒன்பது வாரமும் காலையில் கண்ணாடி பார்க்கிற பத்து நிமிடம் தவிர நான் முப்பது அடிக்குள் நின்றதே இல்லை. சாப்பாட்டைக்கூட மேற்குப் பக்கம் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். விதி என்று ஒன்று இருக்கிறதே.

புழுதி அடங்குவதற்குள் அத்தான் குரல் கேட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

"மாப்ளே, மண்ணத் தள்ளுடா. மொகத்துல மண்ணு."

"வர்றேன் அத்தான்" என்றேன்.

நான் ஏழாம் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். மற்றப் பதினேழும் எங்கே கிடந்தாலும் கவலை இல்லை. அவை இரண்டு பக்கமும் பிளாஸ்டர். இதில்தான் மெழுகு. எவன் கையிலாவது கிடைத்து நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்லைப் புரட்டினேன். அவர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். "வர்றேன்" என்றேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது என் பெயரைச் சொல்லவில்லை, உன் பெயரைச் சொன்னார். அதற்கும் "வர்றேன்" என்றேன்.

கண்ணாடி மண்மேல் கிடந்தது. நம்ப மாட்டாய், ஒரு கீறல் இல்லை. மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குள் கீழே இருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் கையால் மண்ணைத் தள்ளினேன். என் நகம் இரண்டு பிய்ந்து போனது. அதை இளவரசர் போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறார்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில், கல் பட்டது காலில் மட்டும்தான் என்று இருக்கிறது. மூக்கிலும் வாயிலும் மண் அடைத்து மூச்சு நின்றிருக்கிறது. முகத்துக்கு மேலே இருந்தது ஒரு கூடை மண். நான் டாக்டர் இல்லை அக்கா. அப்போது எனக்கு அது எப்படித் தெரியும்?

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தார்கள். கண்ணாடி முழுசாக இருந்த சுவர் ஏன் விழுந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. அப்படியானால் அடியில் ஏதோ அளவுக்கு மீறி நடந்திருக்க வேண்டும். அவர் எத்தனை ஓட்டை திறந்தார் என்று என்னிடம் கேட்டார்கள். இன்ஜினியர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லும் மண்ணும் கலந்து கிடந்ததில் யாராலும் எண்ண முடியாது. "ஒரு அஞ்சு இருக்கும்" என்றேன். அஞ்சு என்று அடித்துச் சொல்லவில்லை. இருக்கும் என்றுதான் சொன்னேன். அவர்கள் ஐந்து என்று எழுதிக்கொண்டார்கள். அது அவர்கள் கையெழுத்து. இன்ஜினியர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, "தைரியமா இருப்பா" என்றார்.

விசாரணை நடந்த நாட்களும் வேலை நாட்களாகவே கணக்கில் வரும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். போன மாதம் மூன்றாம் தேதி எனக்கு அட்டை வந்துவிட்டது. என் பதிவேடு ஒழுங்காக இருந்தது என்று இப்போது நான்கு பக்கச் சுவருக்கும் என்னையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அறுபத்து மூன்று கண்ணாடி. எனக்குக் கீழே இரண்டு பேர். நான் அவர்களிடம் கண்டிப்பாக இருக்கிறேன்.

இனிமேல் உன் கையில்தான் இருக்கிறது. இறந்தவரின் கவனக்குறைவால் நடந்தது என்று குடும்பத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால்தான் என் அட்டையில் உன்னையும் பாப்பாவையும் சேர்க்க முடியும். அத்தான் போட்டிருந்த விண்ணப்பம் அவரோடு போய்விட்டது. கோப்பு திறந்தே கிடந்தால் மறுபடி ஒரு விசாரணை வரும். அதில் என்னவெல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் யார் இருக்கிறார்கள்? நான் இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருப்பதே உங்களுக்காகத்தான்.

அவர் கவனம் இல்லாதவர் இல்லை என்று நீ சொன்னாய். நீ சொன்னதுதான் சரி. அவரை மாதிரிக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நம் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும். ஒரு காகிதத்துக்கும் தெரிய வேண்டும் என்று என்ன இருக்கிறது? உன் மனசில் இருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி உனக்கும் பாரம் இல்லை.

இங்கே பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. பாப்பா நடந்தே போகலாம். ஜன்னல் பக்கத்துக் கட்டிலைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அதில் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பக்கத்தில், கீழே வலது ஓரத்தில் கையெழுத்துப் போட்டு இந்த வாரமே அனுப்பிவிடு அக்கா. அத்தான் இருந்திருந்தால் அவரே உன்னைப் போடச் சொல்லியிருப்பார்.